நாலாம் கட்டத்தில் ஒரு டிக்

சமையலறை மேசைமேல், வழியில் நின்றுபோகிற காருக்கு உதவி அனுப்புகிற மூன்று கம்பெனிகளின் சின்னப் புத்தகங்கள் கிடந்தன. பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. மூன்று அட்டையிலும் ஒரு குடும்பம், நின்றுபோன காருக்குப் பக்கத்தில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

"வண்டி நடுரோட்டுல நின்னவன் எவனாவது இப்படிச் சிரிப்பானா?" என்றார் கொக்கி. "பத்தொன்பது வருஷமாத் தூக்கறேன். அழுதவன் உண்டு. பொண்டாட்டிகிட்ட சண்டைக்குப் போனவன் உண்டு. டயரை எட்டி உதைச்சு விரலை ஒடைச்சுக்கிட்டவன்கூட உண்டு. சிரிச்சவன் ஒருத்தன் கிடையாது."

"அதெல்லாம் இருக்கட்டும். வழியில நாங்க நின்னா யார் வருவா? அதை மொதல்ல சொல்லுங்க," என்றாள் மனைவி.

கொக்கி, நின்றுபோன கார்களைத் தூக்கிவருகிற ரெக்கவரி வண்டி ஓட்டுகிறவர். பள்ளத்தில் இறங்கிய காரின் அடியில் படுத்து, கண்ணால் பார்க்காமலே ஒரே வீச்சில் கொக்கியை மாட்டிவிடுவார். அதில் வந்த பெயர் அது. வேலை பார்க்கிற யார்டில் ஒட்டிய பெயர் வீடுவரைக்கும் வந்துவிட்டது. நிஜப் பெயர் லைசென்ஸில் மட்டும்தான் இருந்தது.

பயணம் அவருக்கு இல்லை. மனைவிக்கும் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும். காரின் பின் சீட்டை மடக்கி மெத்தை போட்டாகிவிட்டது. கூரைமேல் மடக்குக் கூடாரம் ஏறிவிட்டது. அடுப்பு, தண்ணீர்க் கேன், மடக்கு நாற்காலி எல்லாம் வாசலில் அடுக்கி இருந்தன. ஏரியோரம், காட்டோரம் என்று கூடாரம் அடிக்க விடுகிற இடமாகப் பார்த்துப் பார்த்துப் பன்னிரண்டு நாள் போய்வருவது என்று ஏற்பாடு. வெள்ளிக்கிழமை காலை கிளம்ப வேண்டும்.

அம்மாவுக்காகவே மகள் போட்ட திட்டம் அது. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற சலவை ஆலையில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறவள் அம்மா. வருஷத்துக்கு ஒருமுறை கொதிகலனைக் கழுவ ஆலையை மூடுவார்கள். அந்தப் பன்னிரண்டு நாள்தான் லீவு. அதை முன்னே பின்னே தள்ள முடியாது. இதுவரைக்கும் ஒவ்வொரு லீவிலும் அவள் வீட்டைக் கழுவினாள். வேறு எதையும் அவள் செய்து யாரும் பார்த்ததில்லை.

அவளுக்குச் சர்க்கரை. இன்சுலின் குளிரிலேயே இருக்க வேண்டும். அதற்கென்று மகள் ஒரு சின்னப் பெட்டி வாங்கியிருந்தாள். காரின் சாக்கெட்டில் சொருகினால் குளிரும். கார் நின்று பாட்டரியும் போய்விட்டால் மூன்று மணி நேரம் தாங்கும், மிஞ்சினால் நான்கு. அதற்குமேல் வெயிலில் மருந்து வெறும் தண்ணீர்தான். அதனால்தான் அவள் அதே கேள்வியை மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்: யார் வருவா?

"மாமா இருக்கறப்போ நமக்கென்ன அத்தை," என்றான் மாப்பிள்ளை.

"மாமா இங்க இருப்பாரு. நாம நாநூறு கிலோமீட்டர் அந்தப் பக்கம் இருப்போம்."

கொக்கி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வீட்டில் அவர் பேச்சு எடுபடுகிற ஒரே விஷயம் இது. அதனால் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தார்.

"கேட்டுக்கங்க மாப்ள. இந்த மாதிரி வழியில உதவி தர்ற இன்சூரன்ஸ் கவர் எடுக்கறப்போ மூணு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, எவ்வளவு தூரம் இழுப்பான்? பச்சை இருக்கே, இது முப்பது கிலோமீட்டர். காட்டுக்குள்ள இருந்து முப்பது கிலோமீட்டர் இழுத்தா இன்னொரு காடுதான் வரும். வேணாம்."

பச்சைப் புத்தகம் மேசையிலிருந்து கீழே போனது.

"ரெண்டு, தார் ரோட்டை விட்டு இறங்கி வருவானா? கூடாரம் அடிக்கற எடம் எதுவும் தார் ரோட்டுல இருக்காது. சிவப்புக்காரன் தார் முடியற எடத்துல நின்னுக்கிட்டு, நீங்களே தள்ளிக்கிட்டு வாங்கன்னுவான். அதுவும் மேல கூடாரம் கட்டியிருந்தா உயரம் ஜாஸ்தி, தூக்க மாட்டேன்னு ஒரு வரி போட்டிருக்கான் பாருங்க, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துல."

"எங்க மாமா?"

"இதோ. இதைப் படிக்கத்தான் கண்ணாடி." கொக்கி சிரித்தார். "மூணாவது, வண்டியை மட்டும் தூக்குவானா, ஆளையும் தூக்குவானா? நீலம் ஆளையும் தூக்கறான். நோயாளி இருந்தா மூணு மணி நேரத்துக்குள்ள தனியா வண்டி அனுப்பி ஏத்திக்கிட்டுப் போவான். உங்க அத்தைக்காகவே அச்சடிச்ச மாதிரி இருக்கு. நீலம்தான். போனைப் போடுங்க."

மனைவி நீலப் புத்தகத்தை எடுத்து, அட்டையில் இருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்து, திரும்ப வைத்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாகப் போகலாம் என்கிற மாதிரி ஒன்று தெரிந்தது.

மாப்பிள்ளை போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தான். ஒரு பெண் எடுத்தாள். வண்டி எண் கேட்டாள். பெயர் கேட்டாள். தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

"சார், மன்னிக்கணும். இந்த வண்டிக்கு முகாம் பயணக் கவர் தர முடியாது."

"ஏம்மா, பழைய வண்டின்னா? ஆறு வருஷம்தான் ஆகுது," என்றார் கொக்கி.

"அதில்ல சார். போன வருஷம் இந்த வண்டி, ஓட்டக்கூடாத நிலத்துல இறக்கி மாட்டிக்கிட்டு மீட்கப்பட்டதாப் பதிவாகியிருக்கு. அந்த மாதிரிப் பதிவு இருந்தா அஞ்சு வருஷத்துக்கு யாரும் கவர் தர மாட்டாங்க. எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பட்டியல்தான்."

கொக்கியும் மனைவியும் மகளும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவன் இரண்டு கையையும் தூக்கினான்.

"சத்தியமா நான் எங்கயும் இறக்கல அத்தை! போன வருஷம் ஒரே ஒரு தடவைதான் நின்னுச்சு. முகாம் கேட்டுக்கு முன்னாடி, சிமெண்டுத் தரையில. ஸ்டார்ட்டர் மோட்டார் போச்சு. மாமாதானே வந்து தூக்கினாரு!"

அது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மகள் உதவிக்குப் போன் போட, அது சுற்றிச் சுற்றிக் கொக்கியின் யார்டுக்கே வந்து, பக்கத்தில் இருந்த வண்டி எது என்று பார்த்து அவரையே அனுப்பி, மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டபடி அப்பா வந்து இறங்கிய கதை. மாமனாரே வந்து மாப்பிள்ளையைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார் என்று ஒரு வருஷமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

கொக்கிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. போன் பக்கம் குனிந்தார்.

"இங்க பாரும்மா. அந்த வண்டியை நான் என் கண்ணால பார்த்தேன். நாலு சக்கரமும் சிமெண்டுத் தரையில நின்னுச்சு. இறக்கினான், மாட்டிக்கிட்டான்னு எவன் எழுதினான்? எவனோ உக்காந்த எடத்துல கைக்கு வந்ததைக் கிறுக்கியிருக்கான். இதெல்லாம் குடும்பத்துல விளையாடற வேலை. அந்த டிரைவர் நம்பரைச் சொல்லு. இந்த லைன்ல எனக்குத் தெரியாத ஆளு கிடையாது. சட்டையைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"சொல்லலாம் சார், ஷீட்ல இருக்கு. இருநூத்திப் பதினாலு."

கொக்கி உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகில் அவருடைய வேலைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. பாக்கெட்டுக்கு மேலே மஞ்சள் நூலில் தைத்த எண். மகள் அதைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளை பார்த்தான். மனைவி பார்க்கவில்லை. பத்தொன்பது வருஷமாக அதைத் துவைக்கிறவள் அவள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

"நான் அப்படி எழுதல," என்றார் கொக்கி. "நான் அப்படி எதுவும் எழுதலம்மா."

"எழுத வேண்டியதில்ல சார். நாலாம் கட்டத்துல டிக் இருக்கு. அதுக்கு அர்த்தம் அதான். நீலப் புத்தகம் முப்பத்தோராம் பக்கம் பாருங்க. அன்னிக்கே உங்க பழைய கவரும் ரத்தாகியிருக்கு. மெயில்ல அறிவிப்பு போயிருக்கு."

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். காரோடு இலவசமாக வந்த கவர் அது. அதிலிருந்து வருகிற மெயில் எதையும் அவன் திறந்ததே இல்லை.

கொக்கி முப்பத்தோராம் பக்கத்தை எடுத்தார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். மீட்பு ஓட்டுநரின் ஷீட்டில் உள்ள ஏழு கட்டங்களுக்கும் அங்கே விளக்கம் போட்டிருந்தார்கள். ஒன்று, பாட்டரி. இரண்டு, டயர். மூன்று, இயந்திரக் கோளாறு. நான்கு: உறுப்பினர் தம் பொறுப்பில் வாகனத்தை ஓட்டத் தகாத நிலத்தில் செலுத்தியது. இந்நிலையில் அன்றைய இழுவை நீங்கலாக மற்ற எல்லா உதவியும் அத்துடன் முடியும்.

ஷீட்டில் இந்த எழுத்தெல்லாம் கிடையாது. ஷீட்டில் ஏழு கட்டமும் ஏழு எண்ணும் மட்டும்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே காதில் விழுந்தது ஒன்றுதான்: நாலைப் போட்டால் அரைமணி நேரம் கூடக் கிடைக்கும். கஷ்டமான வேலை என்று கணக்கு. அடுத்த வேலைக்குப் போ போ என்று யார்டு மைக் விரட்டாது. அந்த அரைமணியில் முதுகை நீட்டலாம், ஒரு பீடி பிடிக்கலாம், கிரீஸ் கையைக் கழுவிவிட்டு ரொட்டியை மனுஷன் மாதிரி உட்கார்ந்து தின்னலாம். பதினாலு மணி நேர ஷிஃப்டில் அதைவிட்டால் உட்கார நேரமில்லை. யார்டில் எல்லோரும் நாலைப் போட்டார்கள். வேலை முடிந்து வருகிறவனைப் பார்த்து "நாலு போட்டாச்சா?" என்று கேட்பது, சாப்பிட்டாச்சா என்று கேட்பது மாதிரி. உறுப்பினர் புத்தகம் உறுப்பினருக்குப் போகும். அதை டிரைவர் எதற்குப் படிக்கப்போகிறான்?

"அப்பா," என்றாள் மகள் மெதுவாக. "அன்னிக்கு வண்டியை ஏத்தினதுக்கு அப்புறம் பிளாஸ்க்கை எடுத்துக்கிட்டு வந்தீங்க. நான்கூடக் கேட்டேன், உங்களுக்கு வேலை இல்லையான்னு. அரைமணி இருக்கு பாப்பா, நிதானமா டீ குடின்னு சொன்னீங்க."

கொக்கிக்கு நினைவிருந்தது. சாலையோரத்துச் சுவரில் அப்பாவும் மகளும் மட்டும் உட்கார்ந்து, ஒரே மூடியில் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். அவள் கல்யாணத்துக்குப் பிறகு அப்படி உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான். உட்காருவதற்கு முன்னால், பானெட்மேல் ஷீட்டை வைத்து, சிரித்துக்கொண்டேதான் டிக் போட்டார்.

*

மறுநாள் காலை யார்டில் மைக் அக்கா கண்ணாடி அறைக்குள் இருந்தாள். வண்டிகளை விரட்டுகிறவள் அவள்தான். ஒரு கையில் மைக், ஒரு கையில் பேனா, காதில் எப்போதும் ஒரு ஹெட்போன். வெளியே மொட்டை என்கிற டிரைவர் தன் வண்டியின் கேபிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

கொக்கி நீலப் புத்தகத்தை மைக் அக்காவின் முன்னால் விரித்து வைத்தார்.

"இது உனக்குத் தெரியுமா?"

அவள் எட்டிப் பார்த்தாள். "முப்பத்தொண்ணாம் பக்கமா? தெரியும். ஏன்?"

"தெரியுமா!"

"எனக்குத் தெரியாம எப்படி? ஷீட்டை நான்தானே கம்ப்யூட்டர்ல ஏத்தறேன். அங்க விளக்கம் வருது."

"எத்தனை வருஷமா?"

"நான் சேர்ந்ததுல இருந்து. கொக்கியண்ணே, என்ன ஆச்சு உங்களுக்கு? மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"ஏன் எங்ககிட்ட சொல்லல?"

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். அவளை ஹெட்போன் இல்லாமல் கொக்கி பார்த்ததே இல்லை. காதோரம் பள்ளம் விழுந்திருந்தது.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "நிஜமாவே தெரியாதா? தெரிஞ்சேதான் போடறீங்கன்னு நினைச்சேன். மொதல்ல வந்த புதுசுல ரொம்ப அழுகையா வந்துச்சு. புள்ளகுட்டியோட நிக்கறவங்களுக்கும் போட்டு அனுப்பறானுங்களே, இவனுங்க எல்லாம் என்ன பிறவியோன்னு. அப்புறம் போகப் போக, வேலை அப்படி, மனசு மரத்துப்போச்சுன்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். உங்களையும் அப்படித்தான் நினைச்சிருந்தேன், அண்ணே."

எட்டு வருஷமாகத் தினமும் காலையில் இந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்று இவளிடம் கேலி பேசியிருக்கிறார். எட்டு வருஷமும் அவள் ஒரு கல்நெஞ்சனைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறாள்.

கதவோரம் வந்து நின்ற மொட்டை எல்லாவற்றையும் கேட்டிருந்தான். "அப்ப அந்த அரைமணியை நமக்கு யார் குடுத்தா?" என்றான்.

"கம்பெனிதான். நாலு விழுந்தா ஒரு உறுப்பினருக்கு உதவி பண்ற செலவு அவங்க தலையில இருந்து இறங்குது இல்ல? அதுக்கு அரைமணி ஒரு பெரிய விஷயமா?"

மொட்டை கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைப் பார்த்தான். பிறகு, சிரிக்க வேண்டிய இடம் என்று நினைத்தானோ என்னவோ, ஒரு சிரிப்புச் சிரித்தான். அது பாதியில் நின்றுவிட்டது.

அப்போதுதான் கொக்கிக்கு அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. ஏரி முகாமில் ஒரு கார். பாட்டரி செத்துப்போயிருந்தது. ஜல்லி போட்டு இறுக்கிய கெட்டித் தரை. உள்ளே ஒரு பெண், முப்பது முப்பத்தைந்து வயது, பின் மெத்தையில் அவளுடைய வயசான அப்பா. ஏரியைப் பார்க்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாராம். கொக்கி இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து ஊர்ப் பட்டறையில் விட்டார். புதுப் பாட்டரி போட்டுக்கொண்டு மேலே போவதாகச் சொன்னாள். போகும்போது அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டாள்.

ஒரு மாதம் கழித்து யார்டு வாசலில் வந்து நின்றாள். நாலு நாள் கழித்து மலைப்பாதையில் வண்டி மறுபடி நின்றதாம். போன் மேல் போன் போட்டாளாம். உங்களுக்குக் கவர் இல்லை என்றே சொன்னார்களாம். "ஒன்பது மணி நேரம்," என்றாள். "அப்புறம்தான் ஒரு லாரிக்காரர் நின்னாரு. அதுக்குள்ள அப்பாவுக்கு முடிஞ்சுபோச்சு. நீ என்ன பண்ணி வச்சே, எங்க கொண்டுபோய் வண்டியை இறக்கினேன்னு எங்கண்ணன் என்னைத்தான் கேக்கறான். நான் எங்கயும் இறக்கலையே. நீங்க பார்த்தீங்க இல்ல?"

"பார்த்தேனேம்மா, கெட்டித் தரையிலதானே நின்னுச்சு," என்று கொக்கி சொன்னார். அந்தக் கம்பெனிக்காரன்களை வாய்க்கு வந்தபடி திட்டினார். மனுஷனுங்களா அவனுங்க, நாசமாப் போறவனுங்க என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அவள் ஷீட்டின் நகல் கேட்டாள். அவரே அலமாரியைத் துழாவி மஞ்சள் தாளை எடுத்து, ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தார்.

அவள் அதைப் பார்த்துவிட்டு, "இந்த நாலுன்னா என்னங்க?" என்றாள்.

"அது எங்க நேரக் கணக்கும்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். டீயைக் குடிக்காமல் சுவர்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாவம், புத்தி பேதலித்த மாதிரி இருக்கிறாள் என்று அன்றைக்குக் கொக்கி நினைத்தார். அந்தப் பார்வை என்ன என்று இப்போதுதான், இந்தக் கண்ணாடி அறை வாசலில், இரண்டு வருஷம் கழித்துத் தெரிந்தது. வந்தபோது அவளுக்கும் தெரியாதோ என்னவோ. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைப் பிரித்த நிமிஷம் தெரிந்திருக்கும். இல்லை, வாசலிலேயே தெரிந்திருக்கும். அதனால்தான் அந்தப் பார்வை.

கால் தானாக அலமாரிப் பக்கம் போனது. மஞ்சள் தாள்கள் வருஷவாரியாகக் கயிறு கட்டிக் கிடந்தன. அவள் ஷீட் கிடைத்தது. மகளுடைய ஷீட்டும் கிடைத்தது. இரண்டிலும் ஒரே டிக், ஒரே வளைவு, கடைசியில் ஒரே மாதிரி மேல்நோக்கி ஒரு சுழிப்பு. குஷியான கை. அதன் கீழே இன்னொரு கட்டு, அதன் கீழே இன்னொன்று. கொக்கி கயிற்றை அவிழ்க்கவில்லை. அவிழ்க்கத் தைரியம் வரவில்லை.

மகளுடைய ஷீட்டைக் காட்டி, வெள்ளிக்கிழமைப் பயணம் மாட்டிக்கொண்டதைக் கொக்கி சொல்லி முடித்ததும், மைக் அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். "திருத்தப் படிவம். ஷீட் நம்பரை எழுதி, எந்தக் கட்டம் சரி, ஏன் தப்பாப் போட்டீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஒரு ஷீட்டுன்னா கை தவறிப்போச்சுன்னு எடுத்துக்குவாங்க. மூணே நாள். வியாழக்கிழமை உங்க பொண்ணு வண்டி பட்டியல்ல இருந்து போயிடும், அண்ணி வெள்ளிக்கிழமை நிம்மதியா ஏறிப் போகலாம்."

"ரெண்டு எழுதினா?"

அவள் அவர் கையிலிருந்த இரண்டு தாளையும் பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பெண்ணை நினைவிருந்தது போல.

"ரெண்டு எழுதினா பழக்கம்னு ஆயிடும். விசாரணை. அது முடியறவரைக்கும் எதையும் அசைக்க மாட்டாங்க, உங்க பொண்ணோடதையும் சேர்த்து. வண்டிச் சாவியையும் வாங்கி வச்சுக்குவாங்க. மாசக்கணக்கா ஆகும்."

"கொக்கியண்ணே, ஒண்ணை எழுதிட்டு வாயை மூடுங்க," என்றான் மொட்டை. "செத்த மனுஷன் எழுந்து வரப்போறாரா? அண்ணி இருபத்தாறு வருஷம் கழிச்சு வெளியில கிளம்பறாங்க."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. கொக்கி இரண்டு தாளையும் படிவத்தையும் மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

*

மத்தியானம் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டிருந்தார். மகள் கடைக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை வாசலில், காரின் கூரைமேல் ஏறிக் கூடாரத்தின் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன மாமா, போன காரியம்?"

"தவறி விழுந்துடாதீங்க மாப்ள," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்த மனைவி சமையலறையில் இருந்தாள். குளிர்ப் பெட்டியைத் திறந்து துடைத்து, வீட்டுச் சாக்கெட்டில் சொருகி, இன்சுலின் குப்பிகளை அதற்குள் அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளைக்கு முன்பே ஒத்திகை.

"சரியாப் பொருந்துது பாருங்க. துணி போட்டு வச்சா ஆடாது." பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். "உக்காருங்க."

கொக்கி உட்கார்ந்தார். இரண்டு மஞ்சள் தாளையும் படிவத்தையும் மேசைமேல் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். யார்டைச் சொன்னார், மைக் அக்காவைச் சொன்னார், அந்தப் பெண்ணைச் சொன்னார். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனதையும் சொன்னார். மனைவி நின்றுகொண்டே கேட்டாள். நின்றே பழகியவள்.

"ஒண்ணு எழுதினா நீ போகலாம்," என்று முடித்தார். "ரெண்டு எழுதினா நீ போக முடியாது. எனக்கும் வேலை இருக்குமான்னு தெரியல. உன்னைக் கேக்காம எழுதக்கூடாதுன்னு வந்தேன்."

"அந்தப் பொண்ணை அவ அண்ணன் இன்னும் திட்டிக்கிட்டுத்தான் இருப்பானா?"

"தெரியல."

"பேப்பர்ல அவதான் இறக்கினான்னு இருக்கு. அப்ப திட்டத்தான் செய்வான்." வெளியே மாப்பிள்ளை பட்டையை இழுக்கிற சத்தம் கேட்டது. "அவளே நம்ப ஆரம்பிச்சிருப்பா. பேப்பர்ல இருக்குன்னா, ராத்திரி படுத்தா, நாமதான் எங்கயாவது இறக்கிட்டோமோன்னு தோணும் இல்ல?"

கொக்கி அவளையே பார்த்தார்.

"நீங்க தெரியாமப் போட்டீங்க. இன்னிக்கு வரைக்கும் போட்டதைப் பத்தி நான் பேச மாட்டேன்," என்றாள். "ஆனா இப்பத் தெரியும்."

குளிர்ப் பெட்டியின் பக்கம் திரும்பினாள். உள்ளே அடுக்கியிருந்த குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஃபிரிட்ஜைத் திறந்து, கதவிலிருந்த பழைய இடத்தில், எப்போதும் இருக்கிற வரிசையில் வைத்தாள். பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுற்றி, ரப்பர் பட்டை போட்டாள். சின்னதாக ஓடிக்கொண்டிருந்த அதன் சத்தம் நின்றதும் சமையலறை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"பாப்பா வந்தா நான் சொல்லிக்கறேன்," என்றாள். "அடுத்த வருஷமும் கொதிகலனைக் கழுவத்தான் போறாங்க."

கொக்கி பேனாவை எடுத்தார். முதல் வரியில் மகளுடைய ஷீட் எண்ணை எழுதினார். சரியான கட்டம்: மூன்று. இரண்டாவது வரியில் பேனா நின்றது. அந்தப் பெண்ணின் ஷீட் எண்ணை எழுதினார். சரியான கட்டம்: ஒன்று. அதற்குக் கீழே, வெறுமையாக இருந்த எல்லா வரிகளின் குறுக்கேயும், இன்னும் நிறைய இருக்கிறது, அலமாரியில் உள்ளது, எடுத்துப் பாருங்கள் என்று எழுதினார்.

பிறகு காரணம் என்ற இடம்.

மகளுடையதற்கு எதிரே, மகளோடு உட்கார்ந்து டீ குடிக்க, என்று எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தார். உண்மைதான்.

அந்தப் பெண்ணுடையதற்கு எதிரே வந்தார். அன்றைக்கு அந்த அரைமணியில் என்ன செய்தோம் என்று யோசித்தார். பட்டறை வாசலில் வண்டியை இறக்கியது நினைவிருந்தது. கிழவர் மெத்தையில் படுத்தபடி ஜன்னல் வழியாகக் கையசைத்தது நினைவிருந்தது. அதற்குப் பிறகு? தூங்கினோமா, பீடி பிடித்தோமா, ரொட்டி தின்றோமா, சும்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமா? எவ்வளவு துழாவியும் எதுவும் வரவில்லை. ஒரு மனுஷனின் உயிரை வாங்கிய அரைமணி, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"காரணம் கேக்கறான். என்ன பண்ணினேன்னு ஞாபகமே இல்ல."

அவள் வந்து அவர் தோளுக்கு மேலே குனிந்து அந்தக் காலியான இடத்தைப் பார்த்தாள்.

"அதையே எழுதுங்க," என்றாள்.